பென்சிலால் எழுதிய ஒரு சொல்

போன மாதம் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போய் வந்ததிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று இருந்தேன். தேவசகாயத்தை 1752-இல் சுட்டுக் கொன்ற இடம் அது. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர், 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவரானவர். அதற்காக அரண்மனை உத்தியோகம், சொந்தபந்தம், கடைசியில் உயிரும் போனது. 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தபோது பெயரில் இருந்த ‘பிள்ளை’யை எடுத்திருந்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் பெரியவர்கள் அழுதார்கள்.

அவரை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக அடித்துக் கொண்டுபோனார்கள். எங்கள் வீட்டுக்கு அப்படி யாரும் வரவில்லை. வந்தவர் எங்கள் மேல் அக்கறை உள்ளவர்தான்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம். நாங்கள் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் எஸ்.சி. பிறகு 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். நாங்கள் இன்றும் வெளியேதான், தமிழ்நாட்டில் பி.சி. சான்றிதழ் கிடைக்கும். மதம் மாறினாலும் தெரு மாறவில்லை, டீக்கடையில் பார்க்கிற பார்வையும் மாறவில்லை.

“அண்ணே, பிள்ள நல்ல மார்க் வாங்கியிருக்கா. மதம்ங்கிற இடத்துல இந்துன்னு போட்டுக்கிடுவோம். பூசைக்குப் போகாதீங்கன்னா சொல்லுதேன்?” என்று அப்பாவிடம் சொன்ன அவர், என் விண்ணப்பத்தில் அந்தச் சொல்லைப் பென்சிலால் எழுதியும் கொடுத்தார். அப்பா அதன் மேல் பேனாவால் எழுதினால் போதும்.

ராத்திரி அப்பா என் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ரப்பரை எடுத்தார். அழித்துவிட்டுத் தூளை ஊதினார். “ஞானஸ்நானப் புத்தகத்துல ஒரு பேரு, சர்க்கார் புத்தகத்துல ஒரு பேருன்னா, கூப்பிடும்போது எதுக்கு நான் ஏன்னு கேக்க?” என்றார். ஆச்சி ஒரு வாரம் அவரிடம் பேசவில்லை. நான் கேட்ட படிப்பு கிடைக்கவில்லை, பி.எஸ்சி. சேர்ந்தேன்.

இந்து என்று எழுதிக்கொண்ட குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவர்களைக் கோழை என்று சொல்ல எனக்கு மனசு வராது. அப்படி எழுத வைக்கிற ஆணைதான் வெட்கப்பட வேண்டும்.

இதைப் படித்துவிட்டுக் கோவில்பட்டியிலிருந்து ஒரு சகோதரர் எழுதியது:

அக்கா, படித்ததும் என் அப்பாவின் சாவு ஞாபகம் வந்துவிட்டது. வீட்டில் இயேசுவை ஏற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தான். மூத்த மகன். “பாடையைச் சுமக்கிறேன், கொள்ளிக்குடம் மட்டும் தம்பி தூக்கட்டும்” என்றேன். பெரியப்பா எல்லார் முன்னாலும், “பெத்தவனுக்குக் கொள்ளி வைக்காதவன் என்னலே மவன்?” என்று கேட்டார். எனக்கு ஒரு வசனமும் வாயில் வரவில்லை. சுடுகாடு வரைக்கும் யாருக்கும் தோள் மாற்றிக் கொடுக்கவில்லை. மூங்கில் உரசித் தோல் உரிந்துவிட்டது. குளித்துவிட்டு வந்து திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சித்தி மட்டும் ஒரு சொம்பு மோரைப் பக்கத்தில் வைத்துவிட்டு, “மஞ்சப்பொடி இருக்கு, தோளுக்குப் போடு” என்றாள்.

பெரியப்பா இன்னும் பேசுவதில்லை. தம்பி கல்யாணத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் அவருக்குக் கண் ஆபரேஷன். துணைக்கு நான் வருகிறேன் என்று சித்தியிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன்.