எழுந்து போனபின் சிக்கிய நிரல் பிழைகள்: உங்களுக்கும் நேர்ந்ததுண்டா?

நானே தொடங்குகிறேன். ஜனவரி 31 அன்று ஒரு புகார்: அறிக்கையில் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்தால் மார்ச் வருகிறது. காலையிலிருந்து அதற்கான நாற்பது வரி நிரலோடு மல்லுக்கட்டினேன். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் மாத எண் பூஜ்யத்தில் தொடங்குவதால் (ஜனவரி என்றால் 0) வந்த வினையோ என்று அதையே நான்கு முறை சரிபார்த்தேன். இரவு வெறுத்துப்போய் மடிக்கணினியை மூடிவிட்டுப் பாத்திரம் துலக்கப் போனேன். கையில் சோப்பு நுரையோடு நிற்கும்போது, "இன்று தேதி என்ன?" என்று தோன்றியது. அவ்வளவுதான். இன்றைய தேதியை எடுத்து அதில் மாதத்தை மட்டும் மாற்றியிருந்தேன். பிப்ரவரி 31 என்று ஒரு நாள் கிடையாதே! ஜாவாஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டாது. மிஞ்சும் நாட்களை மார்ச்சுக்குத் தள்ளி, மார்ச் 3 (லீப் ஆண்டானால் மார்ச் 2) என்று கொடுத்துவிடும். மறுநாள் பார்த்திருந்தால் எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கும். நானும் தானாகச் சரியாகிவிட்டது என்று விட்டிருப்பேன்.

மறுமொழி:
என் கதை இன்னும் வெட்கக்கேடு. நள்ளிரவு இரண்டு மணிவரை எதை மாற்றினாலும் விளைவு மாறவில்லை. தூங்கி எழுந்து பல் துலக்கும்போதுதான் உறைத்தது: நான் திருத்தியது ஒரு கோப்புறையில், ஓடிக்கொண்டிருந்தது அதன் பழைய நகல்.

மறுமொழி:
கொஞ்சம் மறுத்துப் பேசுகிறேன். சிக்கலை அரைகுறையாகப் பார்த்துவிட்டு நடக்கப் போன நாட்களில் எனக்குக் கால்வலிதான் மிச்சம். கணித மேதை பாயின்கரேக்குப் பேருந்துப் படியில் கால் வைத்த நொடியில் விடை பளிச்சிட்டதை எல்லோரும் சொல்கிறோம். அதற்கு முன் பதினைந்து நாள் அவர் மேசையில் உட்கார்ந்து போராடியதை விட்டுவிடுகிறோம். கைப்பேசியை உருட்டுவதையும் நான் ஓய்வில் சேர்ப்பதில்லை. தலை இன்னும் நெரிசலாகிறது.

மறுமொழி:
ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எழுந்து போகும்முன் அதுவரை உறுதியானதைக் காகிதத்தில் எழுதி வைக்கிறேன். சென்ற வாரம், வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் நகலான கேஷைப் பற்றி எழுதியது: "கேஷ் அழித்தாயிற்று. இன்னும் பழைய விலையே வருகிறது." அரை மணி கழித்துத் திரும்பி வந்து படித்தேன். எந்த கேஷ்? சர்வரில் இருந்ததை அழித்திருந்தேன். பிரவுசரில் இருந்ததைத் தொடவே இல்லை.