குலதெய்வக் கோவில் டிரஸ்டுக்கு வரி விலக்கு மறுப்பு: திருத்தப் பத்திரமா, மேல்முறையீடா?

வணக்கம். எங்கள் குலதெய்வக் கோவில் டிரஸ்டின் 12ஏபி விண்ணப்பத்தை (வருமான வரி விலக்குக்கான பதிவு) வருமான வரித் துறை நிராகரித்துவிட்டது. ஊர் மானாமதுரைப் பக்கம். 2022-இல் படிவம் 10ஏ போட்டு மூன்று வருடத்துக்குத் தற்காலிகப் பதிவு வாங்கினோம். கெடு முடியும் முன்பே முறையான பதிவுக்கான படிவம் 10ஏபி-யும் போட்டாயிற்று.

சொன்ன காரணம் ஒன்றுதான்: பத்திரத்தில் 'பங்காளிகள் வழிபாட்டுக்காக' என்று ஒரு வரி இருக்கிறது. பொதுமக்களுக்குப் பயன்படாத தனியார் வழிபாட்டு டிரஸ்டுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 13(1)(ஏ)-படி விலக்கு கிடையாது. விதி நியாயம்தான், ஒரு குடும்பத்துச் சொத்துக்கு அரசு ஏன் சலுகை தர வேண்டும்? ஆனால் எங்கள் கோவில் அப்படியில்லை. மாசிக் களரித் திருவிழாவுக்கு ஊரே வந்து பொங்கல் வைக்கிறது. போன முறை உண்டியலைத் திறந்தபோது குங்குமம் ஒட்டிய பத்து ரூபாய் நோட்டுகள், மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசுகள். போட்டவர் பங்காளியா, பக்கத்து ஊர்க்காரரா என்று யார் கண்டது? விலக்கு இல்லையென்றால் திருப்பணிக்குச் சேர்த்த பணத்தின் வட்டிக்கும் வரி கட்ட வேண்டும்.

அன்னதானப் படங்கள், வரவு செலவுக் கணக்கு, பஞ்சாயத்துத் தலைவர் கடிதம் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். ஆடிட்டர், அந்த வரியை மாற்றித் திருத்தப் பத்திரம் பதிந்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்கிறார். வக்கீலோ சென்னையில் உள்ள வருமான வரித் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்கிறார். மேல்முறையீட்டுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

இதே காரணத்தால் நிராகரிக்கப்பட்டு, அப்புறம் பதிவு வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இந்த இரண்டில் எந்த வழியில் கிடைத்தது?