டான்சில் எடுத்து 5ஆம் நாள், மருந்தை விழுங்க மறுக்கும் மகள்

மகளுக்கு 6 வயது, எடை 18 கிலோ. போன வெள்ளிக்கிழமை மதுரையில் டான்சில் ஆபரேஷன் நடந்தது, மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். முதல் மூன்று நாள் இட்லியைப் பாலில் கரைத்துக் கொடுத்தால் சாப்பிட்டாள். நேற்றிலிருந்து எச்சில் விழுங்கவே அழுகிறாள். காதும் வலிக்கிறதாம்.

டாக்டரிடம் போனில் கேட்டேன். தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருப்பது ஆறுகிற புண்தான், இந்த நாட்களில் வலி கூடும், காதுவலியும் தொண்டையிலிருந்து வருவதே, மருந்தை மட்டும் விடாதீர்கள் என்றார். ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை.

சிக்கலே மருந்துதான். பாராசிட்டமால் சிரப் (5 மில்லியில் 250 மில்லிகிராம்), 6 மணிக்கொரு முறை 5 மில்லி. ஸ்பூனைப் பார்த்ததுமே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்து ஓரமாக விட்டேன், துப்பிவிட்டாள். ஆரஞ்சு ஜூஸில் கலந்தது என் முட்டாள்தனம், எரிச்சலில் அலறிவிட்டாள். ஐஸ்கிரீமில் ஒளித்தேன், இப்போது ஐஸ்கிரீமையும் நம்புவதில்லை! இளநீர் மட்டும் மடக்கு மடக்காக இறங்குகிறது.

பகலில் கெஞ்சியாவது பாதி போகிறது. ராத்திரி 2 மணி மருந்துதான் நடக்கவே இல்லை. அது தவறினால் காலையில் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறாள்.

ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால் எழுதித் தரட்டுமா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இந்த வயதுப் பிள்ளைக்கு ராத்திரியில் அதை வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால், பயப்படாமல் வைக்க எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?