ஹோராவின் கடிதங்கள் யாரிடமாவது இருக்கின்றனவா?

வணக்கம் நண்பர்களே. நன்னீர் மீன் ஆய்வாளர் சுந்தர் லால் ஹோரா (1896–1955) எழுதிய, அவருக்கு வந்த அலுவல் கடிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர்.

மலை ஓடையின் வேகத்தில் அடித்துப் போகாமல், தட்டை வயிறும் விரிந்த துடுப்புகளுமாகப் பாறையோடு ஒட்டிக் கிடக்கும் சின்ன மீன்கள்தான் அவருக்கு உயிர். மலேயா பக்கத்து மீன்களின் உறவினங்கள் சாத்பூரா மலைத்தொடர் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்திருக்கும் என்று சொன்னவரும் இவர்தான். கோட்டயம் பக்கக் கிணற்றில் கிடைத்த கண்ணில்லாத கெளுத்திக்கு 1950-இல் ஹோராக்ளானிஸ் என்று இவர் பெயரையே வைத்தார்கள்.

கட்டுரைகள் எப்படியோ கிடைத்துவிடுகின்றன. ஆனால் ஒரு மீன் எந்த ஓடையில், யார் வலையில் விழுந்தது, பெயர் வைப்பதற்கு முன் என்னென்ன சந்தேகம் வந்தது என்பதெல்லாம் கடிதத்தில்தான் இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான்.

பழைய கல்லூரிகளின் விலங்கியல் துறை அலமாரியிலோ, ஓய்வுபெற்ற பேராசிரியர்களின் வீட்டுப் பெட்டியிலோ ஏதாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பினால் போதும். துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள், தாள் கிழிந்துவிடும். அப்புறம், உறையையும் சேர்த்துப் படம் எடுங்கள்; கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் தபால் முத்திரையில் இருக்கும்.