எம்பியிடம் ஒரு வேலையாகப் போன அனுபவம் – மட்டக்களப்பு, அம்பாறைக்காரர் எழுதுங்கள்

படுவான்கரையான்:

இதை நான்கு வருடமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எங்கள் ஊருக்குள் போகிற கிறவல் வீதியில் ஒரு மதகு உடைந்து கிடக்கிறது. படுவான்கரை, அதாவது வாவிக்கு மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, ஊருக்கு ஊர் இப்படி ஒன்று இருக்கும். மாரியில் வயல் வட்டை வெள்ளம் அதற்கு மேலால் பாயும். அக்காவுக்கு வயிற்றுக்குத்து எடுத்த இரவு, உழவு மிசின் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தி, மேலே படங்கு பிடித்துக்கொண்டுதான் அந்த இடத்தைக் கடந்தோம். பிள்ளை சுகமாகப் பிறந்தது. அதனால் அந்தக் கதையை விடுகிறேன்.

அடுத்த கிழமை சங்கத் தலைவரோடு நான்கு பேர் எம்பி வீட்டுக்குப் போனோம். காலை ஆறு மணிக்கே வாசலில் முப்பது பேர். எங்கள் முறை வந்தபோது அவர் நாங்கள் கொண்டுபோன போட்டோவையும் பார்க்கவில்லை, மகஜரையும் வாசிக்கவில்லை. ஒரு தடித்த சி.ஆர். கொப்பியை எடுத்து, எந்த ஊர், எந்த வட்டை, மதகு எத்தனை அடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் கையாலேயே எழுதினார். பக்கத்தில் மதகைச் சின்னதாகக் கீறியும் வைத்தார்.

இரண்டு மாரி போனது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊரில் ஒரு செத்த வீட்டுக்கு அவர் வந்தார். நான் கோபத்தில் வேலியோரமாக ஒதுங்கி நின்றேன். அவர் என்னைக் கண்டு கிட்ட வந்து தோளில் கை வைத்து, "தம்பி, உங்கட மதகு என்ட கொப்பியில நாப்பத்தோராம் பக்கத்தில இரிக்கு. ஆறடி அகலம். நான் மறக்கல்ல" என்றார். உண்மை, ஆறடிதான்.

மறந்திருந்தால் ஏசிவிட்டுப் போயிருப்பேன். மறக்காத மனிதனிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மதகு இன்றும் அப்படியே கிடக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஒலுவில் கரை:

எங்களுக்கு மதகில்லை, கடல். ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் எப்படி உள்ளே வந்தது, தென்னைகள் எப்படி வேரோடு சரிந்து கிடந்தன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வாப்பாவுக்குக் கரைவலைத் தொழில். ஒரு நாள் எம்பி ஒருவர் பார்க்க வந்தார். கூட்டம், கமரா, ஆளுக்காள் கத்தல். வாப்பா வாயே திறக்கவில்லை. மீன்வாடியிலிருந்து ஒரு கம்பை எடுத்து வந்து, அலை தொடுகிற இடத்திலிருந்து பத்து எட்டு எடுத்து வைத்து, மணலில் அடித்து இறக்கினார். "சேர், அடுத்த மாசம் இந்தக் கம்பப் பார்க்க வாங்க" என்றார்.

எம்பி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பத்து எட்டையும் தானே நடந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் கம்பு கடலுக்குள் போய்விட்டது. அவரும் வரவில்லை. பிறகு எங்கள் துண்டுக் கரைக்கு அலைத்தடுப்புக் கல் வந்தபோது வாடி இருந்த இடமே இல்லை. அந்தக் கல் அவர் பேசியதால் வந்ததா, வேறு யாராலாவது வந்ததா என்று தெரியாமலே வாப்பா மௌத்தாகிவிட்டார். அது எனக்கு இன்னும் மனதில் கிடக்கிறது.

ஆனால் எம்பிமாரால் ஒன்றும் ஆகாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நிற்கிறது. யுத்த காலத்தில் எங்கள் பிள்ளைகள் படிப்பைத் தொடர முடியாமல் நின்றபோது எங்கள் மாவட்டத்து எம்பியாகவும் அமைச்சராகவும் இருந்த மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் பாடுபட்டு 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகக் கொண்டு வந்தார். அடுத்த வருடமே அது பல்கலைக்கழகமானது. என் தங்கச்சி வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு சைக்கிளில் போய்ப் பட்டம் எடுத்தாள். ஒரு மக்கள் பிரதிநிதி நினைத்தால் ஒரு ஊரின் தலைவிதி மாறும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

வாவிக்கரை மகள்:

நான் நிரந்தர நியமனம் இல்லாமல் தொண்டராசிரியையாக மூன்று வருடம் படிப்பித்தேன். நியமனத்துக்கு எம்பியின் சிபாரிசுக் கடிதம் ஒன்று இருந்தால் நல்லம் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மாவோடு போனேன். நான்கு மணித்தியாலம் காத்திருந்தோம். அவருடைய மனைவி எங்களுக்குத் தேத்தண்ணி தந்தா, நல்ல மனுசி. எம்பி என் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டார், பொடியன் ஒருவன் அடித்துக் கொண்டு வந்தான், கையொப்பம் வைத்துத் தந்தார். அம்மா அந்தக் கடிதத்தைச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் என் கையில் தந்தா.

அதைக் கொடுக்கப் போன கந்தோரில் இருந்த அலுவலர் வயதானவர். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு கணம் யோசித்தார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு பைலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்து, "பாருங்க மகள்" என்றார். எல்லாம் அதே கடிதம். ஒரு நூறாவது இருக்கும். ஒவ்வொன்றிலும் அதே வசனம்: "இவரை நான் நீண்ட காலமாக நன்கு அறிவேன்." என்னுடையதை மேலே வைத்து நாடாவைக் கட்டினார். அவர் என்னைக் கேவலப்படுத்தச் செய்யவில்லை, அது முகத்தில் தெரிந்தது. வெளியே வந்து பஸ் ஹோல்ட்டில் அம்மா "என்ன புள்ள சொன்னார்?" என்று கேட்டபோது "வாங்கி வச்சிட்டாரம்மா" என்று மட்டும் சொன்னேன்.

கந்தோர் அனுபவம்:

முப்பது வருடத்துக்கு மேல் அரச கந்தோர்களில் இருந்து ஓய்வு பெற்றவன். என் கதை சின்னது. ஒரு டிசம்பர் 29ஆம் திகதி, பொழுதுபட்ட பிறகு, எம்பி ஒருவர் தானே பைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு பாலர் பாடசாலைக் கூரை. வவுச்சரில் ஒரு கையொப்பம் குறைவு. கையொப்பமிட வேண்டியவர் வரும்வரை, பியூனின் ஸ்டூலில், மின்விசிறி இல்லாத விறாந்தையில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். காசோலை எழுதிய பிறகுதான் எழும்பினார். அந்தக் காசு திறைசேரிக்குத் திரும்பவில்லை.

இனி, படுவான்கரையான் தம்பிக்கு. கொப்பியில் எழுதியது வேலையாகாது, தம்பி. நீங்கள் நாற்பத்தோராம் பக்கத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் அந்த மதகு யாருடையது என்று கண்டுபிடியுங்கள். 'ஏ', 'பி' தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. 'சி', 'டி' என்றால் மாகாணம். ஊருக்குள் போகிற கிறவல் வீதி என்றால் பெரும்பாலும் பிரதேச சபை. வாய்க்கால் கட்டோடு சேர்ந்த மதகென்றால் நீர்ப்பாசனம், சின்னக் குளத்து வாய்க்கால் என்றால் கமநலசேவை. சொந்தக்காரன் யார் என்று தெரியாத மதகை எந்த எம்பியாலும் கட்ட முடியாது, ஒவ்வொரு கந்தோரும் மற்றதைக் காட்டும்.

அடுத்தது காசு. எம்பியின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி 1974இலிருந்து இருக்கிற ஏற்பாடு. அவர் முன்மொழிவார், ஆனால் காசு அவர் கைக்கு வராது, பிரதேச செயலகத்தால் போகும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு போட வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம் உயிரோடு இருக்க வேண்டும், கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். டிசம்பர் 31க்குள் முடியாவிட்டால் காசு போய்விடும். இது கதிரை, கூரை, சின்ன மதகுக்கான காசு. பெரிய வேலையென்றால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் போய்க் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். குறிப்பில் ஏறினால் அடுத்த கூட்டத்தில் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. எம்பி என்றால் எல்லோரும் "எங்கள் தொகுதி எம்பி" என்றே நினைக்கிறீர்கள். அப்படி ஒருவர் 1989 தேர்தலோடு இல்லாமல் போய்விட்டார். அதற்கு முன்பு பட்டிருப்புக்கு ஓர் ஆள், கல்குடாவுக்கு ஓர் ஆள், மட்டக்களப்புக்கு இரண்டு பேர். இப்போது மட்டக்களப்பு மாவட்டம் முழுவதற்கும் ஐந்து பேர், அம்பாறைக்கு, அதாவது திகாமடுல்லவுக்கு, ஏழு பேர், விருப்பு வாக்கில் வருகிறவர்கள். ஐந்து பேரும் உங்களுக்குச் சொந்தம், ஐந்து பேரும் மற்றவரைக் காட்டலாம். ஆகவே ஐந்து பேருக்கும் ஒரே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம். ஒரு விண்ணப்பம் போட்டு, இந்த மதகுக்கு முன்மொழிவு வந்ததா, மதிப்பீடு போட்டதா என்று கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் சொல்ல வேண்டும். தரவில்லையென்றால் மேன்முறையீடு, அப்புறம் ஆணைக்குழு. ஆசிரியை மகளுக்கும் சொல்கிறேன்: உங்களுக்கு நடந்தது அநீதி என்றால் சிபாரிசுக் கடிதம் அதற்கு வழியல்ல. ஓர் எம்பி மூலமாகப் பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். அதைச் சமர்ப்பிக்கிற உரிமை எம்பிக்கு மட்டும்தான் உண்டு. அவரிடம் கேட்க வேண்டியது அதைத்தான்.

படுவான்கரையான்:

ஐயா, விபரத்துக்கு நன்றி. ஆனால் சங்கம் மூன்று முறை முன்மொழிவு கொடுத்திருக்கிறது. உத்தியோகத்தர் ஒருவர் வந்து நாடா பிடித்து அளந்தும் போனார், நாடாவின் மறு நுனியைப் பிடித்தது நான். நாங்கள் ஒன்றும் செய்யாமல் கொப்பியை நம்பிக்கொண்டு இருந்தோம் என்று நினைக்க வேண்டாம்.

குளத்தடிப் பிள்ளை:

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரித்து நகரத்துக்குப் போகிறது. குளத்துக்குக் கிட்ட இருந்த நாங்கள் அப்போது கிணற்றைத்தான் நம்பி இருந்தோம். கோடையில் அது கலங்கிச் சவர் அடிக்கும். எம்பி வந்தபோது எங்கள் அம்மா வேறொன்றும் பேசாமல் அந்தத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டு வந்து கொடுத்தா. பக்கத்தில் நின்றவர்கள் போத்தல் தண்ணீரை நீட்டினார்கள். அவர் அதைத் தள்ளிவிட்டுச் செம்பை அண்ணாந்து முழுதாகக் குடித்தார். கடைசியில் அடியிலிருந்த மண்டியைப் பார்த்தார். அடுத்த கிழமை தண்ணீர் பவுசர் வந்தது. குழாய்தான் கேட்டோம், ஆனாலும் அந்த வருடக் கோடை முழுக்க நீலப் பரல் நிறையத் தண்ணீர் இருந்தது. நான் அவருக்குத்தான் வாக்குப் போட்டேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

பட்டிக்காரன் மகன்:

கந்தோர் ஐயா கோபிக்கக் கூடாது. விண்ணப்பம் போடு, மேன்முறையீடு செய் என்பது எழுதப் படிக்க நேரம் இருக்கிறவனுக்கு. என் அப்பா விடிய மூன்று மணிக்குப் பால் கறக்க எழும்புகிறவர்.

மயிலத்தமடு, மாதவணையில் மேய்ச்சல் தரையை வெளியாட்கள் பிடித்த பிரச்சினை பற்றி இங்கே விளக்கத் தேவையில்லை. பெரும்போகத்தில் வட்டையெல்லாம் வேளாண்மை, மாடுகளை அங்கே கொண்டு போகாமல் வேறெங்கே கொண்டு போவது? 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பந்தல் போட்டுப் போராட்டம் இருந்தபோது அப்பாவும் போய் இருந்தார். எம்பி ஒருவர் வந்து பாயில் உட்கார்ந்தார். "ஐயா, உங்கட பட்டியில எத்தின மாடு இல்லாமப் போயிருக்கு?" என்று கேட்டார். அப்பா எண்ணிக்கை சொல்லவில்லை. பெயர் சொன்னார். வெள்ளச்சி, குட்டைக்கொம்பி, மயிலை, மயிலையின் கன்று. எம்பி குறுக்கே பேசாமல் விரலை மடித்து மடித்து எண்ணிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் பாராளுமன்றத்தில் அவர் பேசிய வீடியோ வந்தது. பந்தலுக்குள் ஒரு போனைச் சுற்றிப் பதினைந்து பேர். எங்கள் பட்டியின் கணக்கை அப்படியே சொன்னார், தமிழில். அப்பா, "மறுகாப் போடு மகன்" என்று மூன்று தரம் கேட்டார். தமிழில் பேசியது பாராளுமன்றப் பேச்சுப் பதிவான ஹன்சார்ட்டிலும் தமிழிலேயே வரும் என்று சொன்னார்கள். அந்தப் பக்கத்தை எடுத்து அப்பாவுக்குக் கொடுத்தேன். மாட்டுக் கடதாசிகள் வைக்கிற பையில் மடித்து வைத்திருக்கிறார். மாடு திரும்பி வரவில்லை. ஆனால் அந்தத் தாளை யாராவது தொட்டால் அப்பாவின் முகம் மாறும். படுவான்கரையான் அண்ணன், நீங்கள் கேட்டதற்கு என்னிடம் உள்ளது இதுதான்.

ஒலுவில் கரை:

தம்பி, வாசித்ததும் என் வாப்பாவின் கம்பு ஞாபகம் வந்தது. அதை எவரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

கந்தோர் அனுபவம்:

படுவான்கரையான் தம்பி, நாடா பிடித்து அளந்தார் என்றால் மதிப்பீடு ஏதோ ஒரு பைலில் இருந்தாக வேண்டும். அளந்த திகதியும், அவர் எந்தக் கந்தோரிலிருந்து வந்தார் என்பதும் ஞாபகம் இருக்கிறதா? பட்டிக்காரன் மகன் சொன்னது சரி, நான் நேரமுள்ளவன். விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன், நீங்கள் கையொப்பம் வைத்தால் போதும்.

படுவான்கரையான்:

ஆனி மாதம், சிறுபோக வேளாண்மை பச்சையாக நின்ற நேரம். திகதியைச் சங்கத்து அறிக்கைக் கொப்பியில் பார்த்துவிட்டு நாளைக்குப் போடுகிறேன், ஐயா.

வாவிக்கரை மகள்:

நான் முழுதும் எழுதவில்லை. அந்த அலுவலர் பைலைத் திருப்பி வைத்தபோது மேலே இருந்த கடிதத்தில் என் சிநேகிதியின் பெயர் இருந்தது. ஒரே பாடசாலையில், பக்கத்துப் பக்கத்து வகுப்பில் படிப்பித்தவர்கள் நாங்கள். முந்தின கிழமைதான் அவள் அந்தக் கடிதத்தை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு எனக்குக் காட்டினாள், என்னையும் போகச் சொன்னது அவள்தான். அன்று பின்னேரம் என்ன நடந்தது என்று கேட்டு வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் அம்மாவுக்குச் சொன்னதையே சொன்னேன்.