புதுப்பிப்பு: மாமாவின் குதிரைக்கு ஊசி போட்டாச்சு

தேவகோட்டைப் பக்கம் மாமா வண்டிப் பந்தயத்துக்கு வளர்க்கும் குதிரைக்கு இடுப்பு வலி, அக்குபங்சர் செய்யலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்தாயிற்று.

டாக்டர் முதலில் லாடத்தையும் சேணம் அழுத்தும் இடத்தையும்தான் பார்த்தார். அதைச் சரிசெய்யாமல் ஊசி குத்திப் பயனில்லையாம். அப்புறம் 'பாய் ஹுய்' என்ற அக்குபங்சர் புள்ளியில் குத்தினார்: அது முதுகின் நடுக்கோட்டில், இடுப்பு முள்ளெலும்பு முடியும் பள்ளத்தில் இருக்கிறது. மருந்து ஏற்றுவதில்லை, மெல்லிய ஊசி மட்டும். உதைக்குமோ என்று கயிற்றை இறுக்கிப் பிடித்து நின்றோம். அதுவோ தலையைத் தொங்கப்போட்டுக் கண் சொருகியது!

குதிரை முதுகுவலிக்கு மின்தூண்டலோடு (ஊசி வழியே லேசான மின்சாரம் செலுத்தி) ஊசி போட்டால் குணம் தெரிவதாக ஆய்வுகள் உண்டு. மொத்தத்தில் சான்று இன்னும் குறைவுதான். இப்போது நடை தேறியிருக்கிறது. ஓய்வு கொடுத்ததும் காரணமாக இருக்கலாம். மாமாவிடம் சொன்னால் கேட்பாரா, அடுத்த பந்தயத்துக்குப் பேர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்.