ஒரே ஒரு மூலக்கூறுக்கு நூறு வெள்ளிக்கு மேலா?

தேக்காவாசி:
போன வாரம் தங்கை மகன் ஒரு சென்ட் குப்பியை நீட்டி, "மாமா, முகர்ந்து பாருங்கள்" என்றான். எசென்ட்ரிக் மாலிக்யூல்ஸ் என்ற சின்ன நிறுவனத்தின் 'மாலிக்யூல் 01'. உள்ளே ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே செயற்கை வாசனைப் பொருள், மிச்சம் ஆல்கஹால். நூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொடுத்திருக்கிறான்! கேம்பல் லேனில் ஒரு முழம் மல்லிகைக்கு இதில் எத்தனை பங்கு ஆகும்? இந்த மாதிரி தனி வாசனை நிறுவனங்களிடம் கைவித்தையைவிட வாய்வித்தைதான் அதிகம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஈசூன் மூக்கன்:
நான் மறுக்கிறேன் அண்ணே. அந்தப் பொருள் 1973-இல் ஐ.எஃப்.எஃப் என்ற வாசனைப் பொருள் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அப்புறம் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அதைத் தாராளமாகக் கலந்தன; 1988-இல் வந்த டியோரின் ஃபாரன்ஹைட் சென்ட்டிலும் உண்டு. விளம்பரத்தில் மட்டும் பூவும் சந்தனமும்தான் வரும். எசென்ட்ரிக் மாலிக்யூல்ஸைத் தொடங்கிய கேசா ஷோன் 2006-இல் அதே பொருளைத் தனியாகக் குப்பியில் அடைத்து, 'இதுதான்' என்று பெயரோடு விற்றார். மற்றவர்கள் ரசத்தில் பெருங்காயத்தைப் போட்டுவிட்டுப் புளியைப் புகழ்ந்தார்கள். இவர் பெருங்காய டப்பாவையே இலையில் வைத்தார்.

தேக்காவாசி:
பெருங்காயத்தை யார் தம்பி தனியாகத் தின்பார்கள்?

பூக்கடைப் பேத்தி:
மல்லிகையை இழுத்ததால் நான் வருகிறேன். கடையில் விற்கும் 'இயற்கை மல்லிகை' பூவைப் பிழிந்து வருவதில்லை. மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பூக்களை ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்தால் மெழுகு போல ஒன்று வரும். அதை ஆல்கஹாலில் கரைத்து, வடிகட்டிப் பிரித்தால்தான் சாறு. ஹெக்சேன் பெட்ரோலியத்திலிருந்து வருவது அண்ணே. மல்லிகையின் அந்தக் கிறக்கத்தில் இண்டோல் என்ற பொருளுக்கும் பங்கு உண்டு. அதைத் தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை நெடி! செயற்கை என்பதற்காக ஒன்றைத் தள்ளாதீர்கள். ஆனால் மூக்கன் சொல்வதும் எனக்கு முழுசாக ஒப்பவில்லை. நூற்றுக்கணக்கான பொருள்கள் சேர்ந்து நிற்கிற இடத்தில்தான் மணம் கதை சொல்லும். ஒன்றை மட்டும் வைப்பது சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டுக் கச்சேரி என்பது மாதிரி.

ஆய்வுக்கூட ஆள்:
'ஒரே மூலக்கூறு' என்பதே சரியில்லை. ஐசோ ஈ சூப்பர் பல ஐசோமர்களின் கலவை; அதாவது ஒரே அணுக்கள், அடுக்கு மட்டும் வேறு வேறான மூலக்கூறுகள். மணம் பெரும்பாலும் அதில் கொஞ்சமே இருக்கிற ஒரு ஐசோமரிடமிருந்து வருகிறது. அடுத்தது, சிலருக்கு இது மணக்கவே மணக்காது. மூக்கில் கோளாறு எதுவும் இல்லை, இந்த ஒன்று மட்டும் பிடிபடாது. மணக்கிறவர்களுக்கும் வந்து வந்து போகும்.

ஈசூன் மூக்கன்:
சரி, கலவை என்றே வைத்துக்கொள்வோம், பெயரில் தோற்கிறேன். ஆனால் நம் ஊர் வெயிலை யோசியுங்கள். எலுமிச்சை வகை மணம் பஸ் வருவதற்குள் ஆவியாகிவிடும். ஊது என்கிற அகில் மணம் மாதிரி கனமானது காலை நேர எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் நிற்பவரைத் தும்ம வைக்கும். (எனக்கு ஊது பிடிக்கும், ஆனால் அதற்கு வெள்ளிக்கிழமை போதும்.) இது தோலை ஒட்டியே கிடக்கிறது. ஒன்றையும் சேர்க்காமல் நிறுத்துவதும் கைவித்தைதான் அண்ணே.

தேக்காவாசி:
நிறுத்தத் தெரிந்தவருக்கு விலையையும் நிறுத்தத் தெரிந்திருக்கலாம். வாசனைத் தொழிலில் அது மலிவான சரக்கு என்கிறார்கள், நீங்கள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஈசூன் மூக்கன்:
யோசனைக்கும் குப்பிக்கும் கடை வாடகைக்கும் சேர்த்துத்தான் விலை. மலிவு என்று நான் எங்கே சொன்னேன்? ஏமாற்று இல்லை என்றுதான் சொன்னேன்.

பூக்கடைப் பேத்தி:
அண்ணே, அது போகட்டும். உங்களுக்கு அது எப்படி மணந்தது? அதை இன்னும் சொல்லவே இல்லையே.

தேக்காவாசி:
என் வீட்டுக்காரி புதுசாகச் சீவின பென்சில் மாதிரி இருக்கிறது என்றாள். எனக்கு ஸ்பிரிட் வாடை வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. மூன்று தடவை அடித்துப் பார்த்தேன்.

ஆய்வுக்கூட ஆள்:
அண்ணே, 'சிலருக்கு' என்று நான் மேலே சொன்னேன் பாருங்கள்...

தேக்காவாசி:
புரிகிறது தம்பி. விலை விஷயத்தில் என் கட்சி மாறவில்லை.